ஆட்டுக்கால் சூப்: சத்து எதில் இருக்கிறது, எப்படி இறக்குவது

எலும்பு சூப் குடித்தால் கால்சியம் ஏறும் என்று நம்பித்தான் பலரும் ஆட்டுக்கால் வாங்குகிறார்கள். எலும்பின் கால்சியம் தண்ணீரில் லேசில் கரையாது. தக்காளி போட்டாலும் சொற்பம்தான் இறங்கும். 200 மில்லி பாலில் இருக்கும் சுமார் 240 மில்லிகிராமை இது எட்டாது. இதில் நிஜமாகக் கிடைப்பது, தோலும் ஜவ்வும் கரைந்து வரும் ஜெலட்டின் புரதம்.

கடையிலேயே சுட்டு, வெட்டித் தரச் சொல்லுங்கள். 4 கால் போதும். கரியைக் கத்தியால் சுரண்டி, கோதுமை மாவும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு முங்கும் அளவு தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சூப்பில் கவிச்சி அடித்தால், பெரும்பாலும் இதைச் செய்யாததுதான் காரணம். மசாலாவைக் கூட்டி அந்த வாடையை மறைக்க முடியாது.

குக்கரில் கால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி 1, மல்லி 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

விசில் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 'பத்து விசில்' ஒரு குக்கரில் 15 நிமிடத்தில் வந்துவிடும், இன்னொன்றில் அரை மணி ஆகும். ஜவ்வு கரைய நேரம்தான் வேண்டும். முதல் விசிலுக்குப் பின் தீயைச் சிம்மில் வைத்து 45 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். ஜவ்வு எலும்பைவிட்டு வழுக்கி வந்தால் வெந்துவிட்டது. இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் 15 நிமிடம்.

புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில், டிரிப்டோஃபேன் என்ற ஒன்று ஜெலட்டினில் கிடையாது. அதனால் இதை மட்டும் முழுப் புரதமாக எண்ண முடியாது. வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு கால் கப் சேர்த்தால் அந்தக் குறை ஓரளவு தீரும். கால்சியம்தான் வேண்டுமென்றால் குக்கரைத் திறந்த பிறகு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, கடைசியாக 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மிளகுத்தூளும் உப்பும் இறக்கும்போது, எலுமிச்சை இறக்கிய பிறகு. முன்பே உப்புப் போட்டால் வற்ற வற்றக் கரிக்கும்.

பின்சேர்க்கை: ஜெலட்டின் நன்றாக இறங்கிய சூப் ஃபிரிட்ஜில் ஜெல்லி போல உறையும். அப்படி உறையவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் கூடிவிட்டது, அல்லது வேக்காடு போதவில்லை. திறந்து வைத்துச் சுண்டவிட்டால் சரியாகும். உறைந்தால் மேலே வெள்ளையாகப் படியும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடலாம். கீரை போட்ட சூப் என்றால் கொஞ்சம் விட்டுவையுங்கள், கீரையின் வைட்டமின் ஏ உடலில் சேரக் கொழுப்பு வேண்டும்.