ஸ்காட்லாந்தின் மூர்நிலச் சட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச் 21 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வனவிலங்கு மேலாண்மை மற்றும் மூர் (மேட்டுநிலப் புதர்வெளி) எரிப்பு மசோதாவை 85-க்கு 30 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. “பிரிட்டன் வேட்டையைத் தடை செய்துவிட்டது” என்று இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட யாருக்கும் ஆசை வரும். அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. செய்தது பிரிட்டன் அல்ல. தடையானது வேட்டை அல்ல. “செய்துவிட்டது” என்பதும் பாதி உண்மைதான்.

முதல் பிழையை விரைவாகத் தீர்த்துவிடலாம். லண்டனில் இருக்கும் பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் வேறு, எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமான ஹோலிரூட் வேறு. ஸ்காட்லாந்தின் நிலமும் காட்டுயிரும் ஹோலிரூட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வேல்ஸ் தனியாகச் சட்டம் இயற்றி, 2023 அக்டோபரிலேயே விலங்கை மாட்டவைக்கும் கம்பிச் சுருக்குக் கண்ணியையும், எலி போன்றவை பசையில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பொறியையும் தடை செய்தது. இங்கிலாந்தின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒட்டுப்பொறியோடு நின்றுகொண்டது. லண்டனில் நடந்த மனு விவாதங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் உண்டு. க்ரௌஸ் பறவைகளை விரட்டிச் சுடும் வேட்டையைத் தடை செய்யக் கோரி 1,23,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு, 2016 அக்டோபர் 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் விவாதிக்கப்பட்டது. 2025 ஜூன் 30 அன்று இன்னொரு மனு விவாதத்துக்கு வந்தது. உறுப்பினர்கள் பேசினார்கள், அமைச்சர் பதில் சொன்னார், அவ்வளவுதான். மனு விவாதம் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை.

இரண்டாவது பிழைக்கு நிலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மூர் என்பது மழையும் காற்றும் ஓயாத மேட்டுநிலம். மேலே குட்டையான ஹெதர் புதர், பல இடங்களில் அடியில் பீட் எனும் ஈரமான மட்குமண். அங்கே வாழும் க்ரௌஸ் என்ற காட்டுப்பறவையை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை சுடலாம். ஆட்கள் வரிசையாக நடந்து பறவைகளைக் கிளப்பிவிட, கல்லாலோ மரத்தாலோ அமைத்த மறைவிடங்களில் நிற்பவர்கள் தலைக்கு மேல் பறப்பவற்றைச் சுடுகிறார்கள். இந்த விளையாட்டுக்குப் பறவைகள் ஏராளமாக வேண்டும். அதற்காக ஹெதரைப் பட்டை பட்டையாக எரிக்கிறார்கள்: எரித்த இடத்தில் வரும் இளந்தளிர் க்ரௌஸுக்குத் தீனி, எரிக்காத முதிர்புதர் ஒளிவிடம். நரியையும் காக்கையையும் ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணியையும் சுட்டோ பொறிவைத்தோ ஒழிக்கிறார்கள். எஸ்டேட்டுகள் எனப்படும் பெரிய தனியார் நிலங்கள் சிலவற்றில் சட்டவிரோதமாகக் கழுகுகளும் கொல்லப்படுகின்றன என்பதே நெடுநாள் குற்றச்சாட்டு. செயற்கைக்கோள் பட்டை கட்டப்பட்ட 131 பொன்னாங்கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய முறையில் காணாமல் போயின என்று 2017-இல் அரசு வெளியிட்ட ஆய்வு சொன்ன பிறகுதான், பேராசிரியர் ஆலன் வெரிட்டி தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2019 டிசம்பரில் வந்தது.

இத்தனைக்கும் பிறகு வந்தது தடை அல்ல, உரிமம். க்ரௌஸ் வேட்டை இன்றும் நடக்கிறது. அது நடக்கும் நிலத்துக்கு நேச்சர்ஸ்காட் என்ற அரசு அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். இங்கே இன்னொரு வழுக்கல் காத்திருக்கிறது. “நீதிமன்றம் தண்டித்தால் உரிமம் போகும்” என்று எழுதிவிடாதீர்கள். தண்டனை தேவையில்லை. உரிமதாரரோ நில நிர்வாகத்தில் தொடர்புடையவரோ குறிப்பிட்ட குற்றத்தைச் செய்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நேச்சர்ஸ்காட் கருதினாலே உரிமத்தை நிறுத்தலாம், பறிக்கலாம். ஆளரவமற்ற மலையில் கொல்லப்பட்ட கழுகுக்குச் சாட்சி கிடைக்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு. நில உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்ததும் இதைத்தான். சட்டத்தின் உயிர்நாடியே இது என்பது என் எண்ணம். இதை விட்டுவிட்டு எழுதும் விளக்கம் எதையும் விளக்கவில்லை.

அடுத்தது, படித்தவர்களே செய்யும் தவறு: அறிமுகமான மசோதாவைச் சட்டம் என்று நினைப்பது. 2023 மார்ச்சில் தாக்கலான வரைவைத் திறந்து பாருங்கள், கண்ணித் தடை அதில் இருக்காது. க்ரௌஸ் உரிமம் ஓராண்டுக்கு மேல் செல்லாது என்றும் இருக்கும். நிறைவேறிய சட்டத்திலோ ஐந்தாண்டு வரை. ஹோலிரூட்டில் மேலவை கிடையாது. அந்த வேலையைக் குழுக்கள்தான் செய்கின்றன. முதல் கட்டத்தில் ஊரக விவகாரங்கள் மற்றும் தீவுகள் குழு சாட்சியங்களைக் கேட்டு அறிக்கை தந்தது; இரண்டாம் கட்டத்தில் அதே குழு திருத்தங்களை ஒவ்வொன்றாக வாக்குக்கு விட்டது; மூன்றாம் கட்டம் முழு அவையில் நடந்தது.

கண்ணியின் கதை இந்த நடைமுறையை நன்றாகக் காட்டும். அது ஒரு கம்பிச் சுருக்கு. நரி நடந்து தேய்ந்த தடத்தில், அதன் தலை நுழையும் உயரத்தில் கட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் அது ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருந்தது: கழுத்தை நெரிக்காதபடி சுருக்கு 23 சென்டிமீட்டரோடு நிற்பதற்குக் கம்பியில் ஒரு தடுப்பு, வைத்தவரின் அடையாள எண் பொறித்த தகடு, அவருக்குப் பயிற்சிச் சான்று, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கும் கடமை. இவ்வளவு இருந்தும் நரிக்கு வைத்ததில் வளைக்கரடியும் பூனையும் மாட்டிக்கொள்ளும், மாட்டிய விலங்கு மணிக்கணக்கில் துடிக்கும் என்பது விலங்குநல அமைப்புகளின் வாதம். தரையில் முட்டையிடும் பறவைகளைக் காக்க வேறு வழியில்லை, மேம்பட்ட கம்பிப் பிடிகளையாவது விட்டுவையுங்கள் என்பது வேட்டைக் காவலர்களின் வாதம். அரசு 2023 ஆகஸ்டில் இதற்கென்று தனியாகப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, இரண்டாம் கட்டத்தில் முழுத்தடையைத் திருத்தமாகக் கொண்டுவந்தது. விதிவிலக்குக் கோரிய திருத்தங்கள் தோற்றன. 2024 நவம்பரில் தடை அமலுக்கு வந்தது.

இதே காரணத்தால் குழுவின் முன் யாரோ சொன்னதை எடுத்து “நாடாளுமன்றம் கண்டறிந்தது” என்று எழுதக் கூடாது. சாட்சியம் சாட்சியம்தான். குழுவின் கருத்து அறிக்கையில் இருக்கும், அவையின் முடிவு வாக்கில் இருக்கும்.

கண்ணி போனதால் எல்லாப் பொறிகளும் போய்விட்டன என்றும் கொள்ள வேண்டாம். சுருக்குக் கண்ணிக்கும் ஒட்டுப்பொறிக்கும்தான் தடை. விசையால் மூடிக்கொள்ளும் வில்பொறிக்கும் பறவைகளை உயிரோடு பிடிக்கும் கூண்டுப்பொறிக்கும் இந்தச் சட்டம் வகுத்தது பயிற்சி, உரிமம், பொறியில் எண் என்ற வழி.

எரிப்பு விஷயத்தில் எண்கள்தான் காலை வாரும். இந்தச் சட்டப்படி 40 சென்டிமீட்டருக்கு மேல் பீட் படிந்த நிலம்தான் பீட்நிலம். முந்தைய நெறிமுறையில் இது 50. இங்கிலாந்தில் 2025 விதிமுறைப்படி 30. மூன்றையும் கலந்து எழுதினால் தரவு முழுவதும் பாழ். எரிப்பதற்கும் இந்தச் சட்டம் உரிமம் கேட்கிறது; உரிமம் இருந்தாலும் பீட்நிலத்தில் க்ரௌஸுக்காக எரிக்க முடியாது. இயற்கையை மீட்டெடுப்பது, காட்டுத்தீயைத் தடுப்பது, ஆராய்ச்சி போன்ற நோக்கங்கள் வேண்டும். ஆகவே “எரிப்புக்குத் தடை” என்பதும் தவறு, “உரிமம் வாங்கினால் எங்கும் எரிக்கலாம்” என்பதும் தவறு.

மிச்சம் இருப்பது அந்த “செய்துவிட்டது”. மசோதா நிறைவேறிய நாள் வேறு, 2024 ஏப்ரல் 30-இல் அரச ஒப்புதல் கிடைத்த நாள் வேறு, ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வரும் நாள் வேறு. எரிப்பு உரிமத்தைத் தொடங்க முதலில் 2026 ஜனவரி 1 என்று நாள் குறித்தார்கள். 2025 ஜூன் இறுதியில் கார்பிரிட்ஜ், டாவா மூர் பகுதிகளில் பற்றிய தீ 11,000 ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. அதன் பிறகு அந்தத் தேதி 2026 இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது.

சட்டத்தின் வாசகம் கள உரிமத்தில் எப்படி இறங்குகிறது என்பதையும் பாருங்கள். முதல் பருவத்தில் நேச்சர்ஸ்காட் தந்த உரிமங்கள் எஸ்டேட் முழுவதையும் உள்ளடக்கின. க்ரௌஸ் சுடப்படும் நிலத்துக்கு மட்டுமே உரிமம் என்றுதானே சட்டம் சொல்கிறது என்று நில உரிமையாளர்களின் அமைப்பு சட்டரீதியாக மல்லுக்கு நின்றது. 2024 நவம்பரில் நேச்சர்ஸ்காட் இறங்கிவந்து, எல்லையை உரிமதாரரே வரையறுக்கலாம் என்று மாற்றியது. மறைவிடங்களைச் சுற்றி மட்டும் கோடு போட்டுக்கொண்டால் அதற்கு வெளியே விழும் கழுகுக்கு யார் பொறுப்பு என்று பறவை ஆர்வலர்கள் கொதித்தார்கள். சட்டத்தையே மறுபடி திருத்த வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஓராண்டு குழுவில் அலசி, வரிவரியாகத் திருத்தி, பெரும்பான்மையோடு நிறைவேற்றிய சட்டம், முதல் வேட்டைப் பருவம் முடியும் முன்பே ஓர் எல்லைக்கோட்டில் தடுக்கியது. மார்ச் 21 வாக்கெடுப்போடு முடிந்துபோகும் கட்டுரைகளில் இது இருக்காது.