ஹாலோவீன் மிட்டாயில் விஷமா? பயத்திலும் செய்யக்கூடாத தவறுகள்

அக்டோபர் 31, ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். இரவு எட்டு மணி. பையன் பிளாஸ்டிக் வாளியைக் கூடத்துக் கம்பளத்தில் கவிழ்க்கிறான். ஸ்னிக்கர்ஸ், கிட்காட், ரீஸஸ். கை நீளுமுன் அம்மா, "தொடாதே, நான் பார்த்துத் தர்றேன்." அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர் வீடுகளிலும் இது வழக்கமாகிவிட்டது. ஊசி இருக்குமோ, பிளேடு இருக்குமோ, விஷம் இருக்குமோ!

சரி, பார்க்கட்டும். ஆனால் யாரைச் சந்தேகிப்பது என்பதில்தான் முதல் தவறு. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த இப்படிப்பட்ட செய்திகளைத் தோண்டிப் பார்த்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயைத் தின்று ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயமடைந்ததாகவோ உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் டெக்சாஸில் ஹாலோவீன் மிட்டாய் தின்று இறந்த சிறுவன்? அது நடந்தது உண்மை. 1974-இல் எட்டு வயதுப் பையன் ஒருவன், குழாயில் அடைத்த புளிப்புப் பொடி மிட்டாயைத் தின்று சயனைடால் இறந்தான். கொடுத்தவர் ரொனால்ட் ஓ'பிரையன், பெற்ற தகப்பன். பிள்ளையின் பெயரில் போட்டிருந்த இன்சூரன்ஸ் பணம்தான் குறி. யாரோ கொடுத்ததாகத் தோன்றவேண்டும் என்று சொந்த மகளுக்கும் வேறு மூன்று பிள்ளைகளுக்கும்கூட அதே மாதிரி விஷக் குழாயைக் கொடுத்திருந்தார். குழாயின் வாயை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தார். அதைப் பிரிக்கத் தெரியாத ஒரு சிறுவன் குழாயைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான். அதனால் பிழைத்தான். ஓ'பிரையனுக்கு 1984-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊரில் ஏற்கெனவே இருந்த பயத்தை நம்பித்தான் அந்த ஆள் திட்டமே போட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

1970-இல் டெட்ராய்ட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஹெராயினால் இறந்ததும் மிட்டாய்மீது பழி விழுந்தது. விசாரித்தால், போதைப்பொருள் கிடைத்த இடம் உறவினர் வீடு.

அடுத்த தவறு, வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் படித்துவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்காமல் விடுவது. ஊசி கிடைத்ததாக வந்த புகார்களில் பெரும்பாலானவை பிள்ளைகளோ பெரியவர்களோ விளையாட்டுக்கோ விளம்பரத்துக்கோ செய்த வேலையாகவே முடிந்திருக்கின்றன. மறுப்புச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை, அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன்: 2000-இல் மினியாபொலிஸில் ஒருவர் ஸ்னிக்கர்ஸுக்குள் ஊசி வைத்துக் கொடுத்தார். ஒரு பையனுக்குக் குத்தியது, மருத்துவமனைக்குப் போகுமளவுக்கு இல்லை. 2022-இல் கிளம்பியது வானவில் நிற ஃபென்டனில் பீதி: கொடிய போதைப்பொருளான ஃபென்டனிலை மிட்டாய்போல வண்ணம் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று. காசு பார்க்கிற வியாபாரி, விலையுள்ள சரக்கை வாங்கும் வசதியில்லாத குழந்தைகளுக்கு ஏன் சும்மா அள்ளிக் கொடுக்கப் போகிறான்?

மிட்டாய்ப் பையை எக்ஸ்-ரே எடுத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. சில மருத்துவமனைகள் இலவசமாகவே எடுத்துக் கொடுத்திருக்கின்றன. எக்ஸ்-ரேயில் விஷம் தெரியாது. உறை கிழிந்திருக்கிறதா, ஊசித் துளை இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது போதும். பிரிந்து கிடப்பதைத் தூக்கிப் போடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கண்ணை மிட்டாயிலேயே வைத்துக்கொண்டு சாலையை மறப்பது. 42 ஆண்டு விபத்துக் கணக்கை அலசி 2019-இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. கறுப்பு பேட்மேன் உடை, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் முகமூடி, ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? முதுகில் ஒளிரும் டேப் ஒட்டுங்கள், முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசுங்கள்.

அப்புறம், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் கவனம், குட்டி பாக்கெட்டுகளில் பல சமயம் சேர்மானப் பட்டியலே இருக்காது. நான்கு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி மிட்டாய் தொண்டையில் அடைக்கும். கஞ்சா சட்டபூர்வமான மாநிலங்களில் குழந்தை கையில் கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் சிக்குவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, பெரியவர்கள் வாங்கி வைத்ததிலிருந்துதான். அதைப் பூட்டி வையுங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் விஷ உதவி மையம் 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். குழந்தை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக அவசர உதவி எண் 911.