முற்றத்துத் தொட்டியில் அல்லியும் கப்பியும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். சிமெண்டுச் சுண்ணாம்பு நீரில் இறங்கும். என் முதல் ஆறு கப்பி மீன்கள் மறுநாளே செத்து மிதந்தன. இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். மூன்று வாரத்தில் சரியாயிற்று.

அல்லிக் கிழங்கை அகன்ற மண்சட்டியில், குளத்துக் கரம்பை மண்ணில் நடுங்கள். குருத்து மட்டும் வெளியே தெரியட்டும். மேலே ஒரு விரல் உயரம் ஆற்றுமணல் பரப்பினால் மீன் மண்ணைக் கிளறாது. சட்டியைத் தொட்டிக்குள் முதலில் செங்கல் மேல் வைத்து, இலை நீள நீளக் கீழே இறக்குங்கள். பூக்க நல்ல வெயில் வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் நீர் கொதிக்கும், பாதிப் பரப்பை இலை மூடியிருந்தால் மீன் தப்பும்.

அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மட்டும் வேண்டவே வேண்டாம். தாமிரபரணியை அது மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒருநாள் மூடாமல் வைத்திருந்து ஊற்றுங்கள். தீனி சிட்டிகை போதும். கொசுப்புழுவைக் கப்பியே தின்றுவிடும்.