ஆம்போடெரிசின் கலக்கும் முன்

மருத்துவமனையில் ஊசி மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்பும் மருந்தாளுநர் நான். ஆம்போடெரிசின் என்பது பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து. புதிதாக வரும் செவிலியர்களிடம் அதைப் பற்றி முதலில் சொல்வது இதுதான்: சீட்டில் வெறுமனே 'ஆம்போடெரிசின்' என்று இருந்தால் குப்பியைத் திறக்காதீர்கள். சாதாரண வகையா, நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் பொதிந்த லைப்போசோமலா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டும் 50 மில்லிகிராம் குப்பியில் மஞ்சள் நிறமாகத்தான் வரும். சாதாரண வகை, அதாவது டிஆக்ஸிகோலேட், ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1 மி.கி. வரை போகும், 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. லைப்போசோமலுக்கு 3 முதல் 5 மி.கி., கருப்புப் பூஞ்சைக்கு 10 வரைகூடக் கொடுக்கிறார்கள். லைப்போசோமலின் கணக்கில் சாதாரண வகையை ஏற்றிவிட்டால் நோயாளியின் இதயம் நின்றுபோகலாம். அதனால் கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அவசர நேரத்திலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, லைப்போசோமலைக் கலப்போம். ஒரு குப்பிக்கு ஊசிக்கான சுத்த நீர் 12 மி.லி. விட்டு, உடனே 30 விநாடி பலமாகக் குலுக்குங்கள். மி.லி.க்கு 4 மி.கி. கிடைக்கும். துகள் ஏதும் தெரிந்தால் மறுபடி குலுக்குங்கள். தேவையான அளவை சிரிஞ்சில் எடுத்து, கூடவே வரும் 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசலில்) சேருங்கள். பெரியவர்களுக்கு மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி. இருக்கட்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 250 மி.கி., ஐந்து குப்பி. மொத்தக் கரைசல் 125 முதல் 250 மி.லி. வரும். இரண்டு மணி நேரத்தில் ஏறட்டும்.

சலைன் ஒரு துளிகூடச் சேரக் கூடாது, மருந்து திரிந்து படிந்துவிடும். ஆனால் சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன்னால் சலைன் ஏற்றச் சொல்வார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சலைன் ஓடி முடிந்ததும் அதே டியூபை டெக்ஸ்ட்ரோஸால் அலசிவிட்டு மருந்தை மாட்டுங்கள், முடிந்ததும் இன்னொரு முறை அலசுங்கள். இன்னொரு பூஞ்சை மருந்தான காஸ்போஃபங்கினுக்கு இது அப்படியே தலைகீழ்: அதற்கு டெக்ஸ்ட்ரோஸ் ஆகவே ஆகாது, சலைன்தான். இரண்டு மருந்தும் ஒரே வார்டில் ஓடும் நாளில் பையின் மேல் கரைப்பான் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

மருந்து ஏறும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், சாதாரண வகையில் இது அதிகம். வேகத்தைக் குறைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் தொடர்ந்து பாருங்கள். பொட்டாசியம் சத்தமில்லாமல் இறங்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் அது ஏறுவது கடினம்.