புத்தாண்டுப் பட்டியலுக்கு முன் அரைகுறை வேலைகளின் பையைத் திறந்து பாருங்கள்: கைவேலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு முடியும் நேரத்தில் புது டைரியைத் திறந்து, முதல் பக்கத்தில் ‘இந்த ஆண்டு’ என்று எழுதி அடிக்கோடு போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. குரோஷே, பின்னல், தையல், எம்பிராய்டரி என்று ஏதாவது கைவேலை பழகியவர்களுக்குப் பட்டியல் இன்னும் வேகமாக நீளும். ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஷால், பெரிய போர்வை, வேண்டியவர்கள் எல்லாருக்கும் கையால் செய்த பிறந்தநாள் பரிசு. அப்புறம் தினமும் நடை, புத்தகம், நேரத்துக்குத் தூக்கம். பிப்ரவரியில் டைரியையே தேட வேண்டியிருக்கும்.

இது எல்லாருக்கும் நடப்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1980களின் இறுதியில் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்தும் விடாமல் இருந்தவர்கள் 19 சதவீதம்.

மன உறுதி போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. போன ஆண்டு கை உண்மையில் என்ன செய்தது என்று பார்க்காமல், மனசு எதற்கு ஆசைப்படுகிறது என்று மட்டும் கேட்டு எழுதுகிறோம். பின்னால் வரும் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நினைவை நம்பிக் கணக்கெடுப்பது

‘இந்த வருஷம் ஒண்ணுமே செய்யல’ என்று டிசம்பரில் சொல்பவர்களின் போனை வாங்கி, படங்களை ஜனவரியில் இருந்து தள்ளிப் பாருங்கள். பாதி நேரம் அவர்கள் சொன்னது தப்பாக இருக்கும். கடந்ததை நினைக்கும்போது மனம் முழு நீளத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. உச்சமான தருணத்தையும் கடைசிக் கட்டத்தையும்தான் பிடித்துக்கொள்கிறது. டேனியல் கானமனும் அவரது சகாக்களும் 1993இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பேர்போனது. ஒரு முறை, 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 வினாடியோடு கூடுதலாக 30 வினாடி. அந்த நேரத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வேதனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம். நவம்பரும் டிசம்பரும் உங்களைப் பிழிந்து எடுத்திருந்தால் ஆண்டு முழுவதும் வீணானதுபோலத் தோன்றுவதும் இப்படித்தான்.

அதனால் மாதவாரியாகப் படங்களைப் பார்த்து ஒரு வரி, இரண்டு வரி எழுதுங்கள். மார்ச்சில் ஸ்வெட்டரின் ஒரு கை முடிந்த படம் இருக்கும். ஏப்ரலில் கைவேலைப் படமே இருக்காது. அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வேலையில் நெருக்கடியா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, இல்லை அந்த பேட்டர்ன் (பின்னும் முறைக் குறிப்பு) அலுத்துப்போனதா? மூன்றுக்கும் அடுத்த ஆண்டு வேறு வேறு ஏற்பாடு வேண்டும். சொந்த வாழ்க்கைக்கும் கைவேலைக்கும் தனித்தனிப் பட்டியல் போடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள். தூக்கம் கெட்ட மாதமும் ஊசி தொடாத மாதமும் பெரும்பாலும் ஒரே மாதமாக இருக்கும்.

முடித்ததை மட்டும் எண்ணுவது

முடித்தவற்றைப் படம் பிடித்து அழகாக வரிசைப்படுத்தி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, அலமாரியின் அடியில் பாதியில் நின்ற வேலைகள் கிடக்கும் பையைத் திறக்காமலே புது ஆண்டுக்குள் நுழைவது. இதைத்தான் தவறுகளிலேயே பெரியது என்பேன்.

பையில் உள்ளதை எல்லாம் தரையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். ஒருவரின் பட்டியல் இப்படி இருக்கலாம். ஸ்வெட்டர்: இரண்டாவது கை. சதுரத் துண்டுப் போர்வை: இணைப்பு. தலையணை உறை: ஜிப். குழந்தைத் தொப்பி: நூல் நுனிகளைச் செருகவில்லை. பை: உள்துணி. பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் ஒன்று புலப்படும். ஸ்வெட்டரைத் தவிர இவர் பின்னுவதில் எங்கும் நிற்கவில்லை. பின்னி முடித்த பிறகு வரும் வேலையில்தான் ஏறக்குறைய எல்லாம் நிற்கிறது. இப்படிப்பட்டவர் அடுத்த ஆண்டு ‘இன்னும் ஐந்து பொருள் செய்வேன்’ என்று எழுதினால், பைக்குள் இன்னும் ஐந்து சேரும், அவ்வளவுதான். அவருக்கு உதவும் இலக்குகள் வேறு: ஜிப் வைக்கக் கற்றுக்கொள்வது, சதுரங்களைப் பின்னும்போதே ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு போகும் முறையைப் பழகுவது, நுனிகளைக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் நிறம் மாறும்போதே செருகிவிடுவது.

வேறொருவருக்கு எல்லாமே முதல் பத்து வரிசையிலேயே நின்றிருக்கும். அவருக்குத் தொடங்குவதில்தான் இன்பம். அதில் தப்பே இல்லை. போர்வையை விட்டுவிட்டு ஒரே உட்காரலில் முடியும் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போகலாம்.

நின்றவை எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று வைராக்கியம் கொள்வதும் தவறுதான். இவ்வளவு நேரம் போட்டாயிற்றே என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத ஷாலை இழுத்துக்கொண்டு திரிவதால் போன நேரம் திரும்பி வராது. பிரித்துவிடுங்கள். பிரித்த கம்பளி நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள்கள் பெரும்பாலும் நேராகிவிடும். மொஹேர் மாதிரி ரோமம் நீண்ட நூலைப் பிரிப்பது மட்டும் பெரிய தலைவலி. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், நிதானம் வேண்டும். எம்பிராய்டரி என்றால், முடிவு எடுப்பதற்கு முன்பே வளையத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் துணியில் மாட்டியே கிடந்தால் வட்டமாக ஒரு தடம் விழும். அழுக்கும் அதில் போய்ச் சேரும்.

கையைக் கேட்காமல் நாள் குறிப்பது

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நாமே மதிப்பிடும்போது எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம். ராஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994இல் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால்? ஏறக்குறைய 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்.

கைவேலைக்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதுதான் இல்லை. அளவு பார்க்க 10 செ.மீ. சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னுவோம் இல்லையா, அப்போது கடிகாரத்தையும் பாருங்கள். அந்தத் துண்டுக்கு 40 நிமிடம் ஆனது என்று வையுங்கள். நீங்கள் ஆசைப்படும் போர்வை 1 மீட்டருக்கு 1.2 மீட்டர். அதற்குள் அப்படிப்பட்ட 120 சதுரங்கள் அடங்கும். 120 பெருக்கல் 40, ஆக 4,800 நிமிடம், அதாவது 80 மணி நேரம். படங்களைப் பார்த்து மாதவாரிக் குறிப்பு எழுதினீர்களே, அதில் வாரத்துக்குச் சராசரியாக 3 மணி நேரம்தான் கைவேலைக்குக் கிடைத்தது என்று தெரிந்தால், இந்த ஒரு போர்வைக்கே 27 வாரம். பாதி ஆண்டு போயிற்று. ஸ்வெட்டரும் பரிசுகளும் எஞ்சிய பாதியில் அடங்குமா என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

அளவுக்காகவும் மாதிரி பார்ப்பதை விடாதீர்கள். பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 20 ஸ்டிச் என்று சொல்லி, உங்கள் கைக்கு 22 வந்தால், 200 ஸ்டிச் போட்ட ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவுக்குப் பதிலாக 91 செ.மீ.யில் நிற்கும். அதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தவர்கள் ஏராளம்.

தினம் ஒரு வரிசை என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் பின்னும் வெப்பநிலைப் போர்வை ஒன்று உண்டு. அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற நிறத்தில் ஒரு வரிசை. ஜனவரி 1 அன்று உற்சாகமாகத் தொடங்குவார்கள். வரிசைக்கு 1 செ.மீ. உயரம் வந்தால் 365 வரிசைக்கு 3.65 மீட்டர், எந்தக் கட்டிலுக்கும் அது நீளம். வரிசைக்கு 12 நிமிடம் என்றால், பத்து நாள் விட்டுப்போனாலே 2 மணி நேரம் பாக்கி ஏறிவிடும். உயரம் குறைவான ஸ்டிச்சுக்கு மாறலாம், இல்லாவிட்டால் வாரத்தின் சராசரி வெப்பத்துக்கு இரண்டு வரிசை என்று வைத்து 104 வரிசையில் முடித்துக்கொள்ளலாம். அழகு ஒன்றும் குறையாது.

‘மாட்டேன்’ என்று எழுதுவது

‘இந்த ஆண்டு புது நூலே வாங்க மாட்டேன்’ என்பது கைவேலை உலகின் அழியாத சபதம். ஸ்வீடனில் மார்ட்டின் ஆஸ்கார்சன் குழு 1,066 பேரின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு கவனித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. ஒன்றைச் செய்வேன் என்று இலக்கு வைத்தவர்களில் 58.9 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர்ப்பேன் என்றவர்களில் 47.1 சதவீதம். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது அல்ல என்றாலும், சபதத்தைத் திருப்பி எழுத ஒரு நிமிடம்தானே ஆகும்? ‘எந்தப் புது வேலைக்கும் முதலில் அலமாரியில் இருப்பதை எடை போடுவேன்’ என்று எழுதுங்கள்.

எடை என்றது நிஜமான எடையைத்தான். நூலின் லேபிளில் 100 கிராமுக்கு 200 மீட்டர் என்று இருந்து, மிச்சம் 35 கிராம் தேறினால், கையில் இருப்பது 70 மீட்டர். ஒரு தொப்பிக்கே அது பத்தாமல் போகலாம், கோடு போட்டுப் பின்ன ஒரு நிறமாக உதவும். இருப்பதைத் தீர்க்கிறேன் என்று இறங்கி, பாதியில் நூல் தீர்ந்து, அதே நிறத்தில் வேறு சாயத் தொகுதி எண் உள்ள, அதாவது வேறொரு தடவை சாயமிட்ட நூலை வாங்கிச் சேர்த்தால் அந்த இடத்தில் கோடு தெரியும். அப்படி ஒன்றை முடித்து அணிவதற்கு யாருக்கும் மனசு வராது.

எண்ணிக்கை, தொடர்ச்சி, பரிசு

‘மாதம் ஒன்று, மொத்தம் 12’ என்ற இலக்கு கையை எளிய வேலைகள் பக்கமே தள்ளும். அக்டோபரில் நான்கு பாக்கி இருந்தால் யார்தான் கயிறு முறுக்கியதுபோல வரும் நுணுக்கமான கேபிள் பின்னலைத் தொடுவார்கள்? எண்ணிக்கை வேண்டுமென்றால் வையுங்கள், கூடவே ஒரு திறமையையும் எழுதுங்கள்.

ஒரு நாள்கூட விடாமல் என்ற தொடர்ச்சிக் கணக்கும் இதே ரகம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆகும் காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. 21 நாளில் எல்லாம் படிந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவும் இல்லை. நாட்களை எண்ணுவதைவிட, ‘இரவுச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கு வரிசை’ என்று நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போடுவது பலன் தரும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் இருந்தே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். இந்த ‘எப்போது’ வரி உங்கள் நடைக்கும் வாசிப்புக்கும்கூட அப்படியே பொருந்தும்.

பரிசுப் பட்டியலைப் பற்றி ஒன்றே ஒன்று: தேதி உள்ள பரிசு ஆண்டுக்கு இரண்டைத் தாண்டினால் அது பொழுதுபோக்கு அல்ல, இரவு ஷிஃப்ட். ‘நல்லா இருக்கே, இதை விக்கலாமே’ என்று யாராவது சொன்னவுடன் விற்பனையை இலக்காக எழுதிவிடுவதும் அப்படித்தான். மணிக்கட்டு வலி எடுத்தால் எந்த இலக்கும் காத்திருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து விரல்களை நீட்டி மடக்குங்கள்.

இடைவெளி விடத் தெரியாமல் விடுவது

எந்த ஆண்டிலும் சில வேலைகள் நடுவில் நிற்கத்தான் செய்யும். எட்டு மாதம் கழித்து எடுக்கும்போது எந்த ஊசி, எத்தனையாவது வரிசை, அடுத்து என்ன என்று தெரியாததால்தான் அவை நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. ஒரு துண்டு அட்டை போதும். ‘4 மி.மீ. ஹூக், 38 வரிசை முடிந்தது, அடுத்தது கழுத்துக் குறைப்பு, பேட்டர்ன் போனில் உள்ளது’ என்று எழுதி வேலையோடு பின் குத்தி வையுங்கள்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர் தொடக்கத்தில் ஒவ்வொரு நாளை இப்போதே போனில் குறித்துவிடுங்கள். அன்றைக்கு அட்டைகளைப் படித்து, வேண்டாததைப் பட்டியலில் இருந்து அடிக்கலாம். ஒன்றை அடிக்காமல் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.