பந்தைப் பார்க்காதீர்கள்: புது நடுவர்களுக்குக் கவனப் பயிற்சி

முதன்முதலில் விசிலோடு ஃபுட்பால் மைதானத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். ரசிகருக்கு அது சரி, நடுவருக்குச் சரிப்படாது.

படி 1: பந்து மேலே போனதும் அதை விட்டுவிடுங்கள். கோல் கீப்பர் ஓங்கி உதைத்தால் அது எங்கே இறங்கும் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம் கண் அங்கே நிற்கும் இரண்டு பேர் மேல்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பது, முழங்கையை விரிப்பது எல்லாம் பந்து வந்து சேர்வதற்குள் நடந்து முடிந்துவிடும்.

படி 2: விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், கையில் பிடியுங்கள். அது வாய்க்கு வரும் அந்த நொடியில், ஃபவுலுக்கு ஆளான அணிக்கே ஆட்டம் சாதகமாகப் போகிறதா என்று பார்த்துவிடலாம். போகவில்லை என்றால் சில நொடிகள் கழித்தும் ஃபவுல் கொடுக்க விதி இடம் தருகிறது.

படி 3: ஆட்டம் நிற்கும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2006 உலகக் கோப்பையில், ஸ்டுட்கார்ட்டில் நடந்த குரோஷியா - ஆஸ்திரேலியா ஆட்டத்தில், கிரஹாம் போல் என்ற இங்கிலாந்து நடுவர் குரோஷியாவின் ஜோசிப் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதிலேயே வெளியே போயிருக்க வேண்டிய ஆள்! அந்த இரண்டாவது அட்டையை நடுவர் ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண் கிரெய்க் மூர் பெயரில் குறித்துவிட்டார். சிமுனிச்சும் 3-ஆம் எண்தான், போதாக்குறைக்கு கான்பெராவில் பிறந்து ஆஸ்திரேலிய உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசுபவர். உலகத் தரத்தில் இருந்த நடுவருக்கே இந்தக் கதி.

அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்: சட்டை நிறம், எண், நேரம், எழுதுவது, அதே அணியின் பட்டியலில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு அட்டை. கைகலப்பு வரும்போல் இருந்தால் அட்டையை முதலில் காட்டிவிடலாம், ஆனால் எழுதிச் சரிபார்க்காமல் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கக் கூடாது, எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும் சரி.

படி 4: கடைசிக் கால் மணி நேரத்தில் கால் சோர்ந்தால் கண்ணும் சோரும். த்ரோ-இன், கார்னர் என்று பந்து வெளியே போகும்போதெல்லாம் மூச்சை விட்டு, துணை நடுவரை ஒரு பார்வை பார்த்து, பெனால்ட்டி பகுதியில் யார் யாரோடு உரசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். போன முடிவு சரியா தப்பா என்ற யோசனை ஆட்டம் முடிந்த பிறகு.

வீட்டுப் பயிற்சிக்கு, டிவியில் ஒரு மேட்சை ஒலியில்லாமல் போடுங்கள். கார்னர் எடுக்கும்போது ஒரே ஒரு ஜோடியை மட்டும் பார்த்து, ஃபவுலா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ரீப்ளேயில் சரிபாருங்கள். நன்றாகப் பழகிய பிறகு இரண்டு ஜோடி.