நீர்ச்செடித் தொட்டியின் விளக்கும் பாசியும்: என் அனுபவம்

நீர்ச்செடிகள் வளர்க்கும் என் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டியில், அனுபியாஸ் என்னும் நீர்ச்செடியின் இலைகளில் பச்சைப் புள்ளிகளாகத் தொடங்கிய பாசி கண்ணாடியிலும் பரவியபோது, நான் முதலில் ஆராய்ந்தது விளக்கைத்தான். அதன் ஒளி 2400 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அலகு), அதாவது லிட்டருக்கு 40 லூமென். கரியமில வாயுவைத் தனியே செலுத்தும் தொட்டிக்கு அது பொருந்தும். ஆனால் அவ்வசதி இல்லாத தொட்டியில், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்று மெதுவாக வளரும் செடிகளால் அவ்வளவு ஒளியைப் பயன்படுத்த இயலாது. மிஞ்சுவது பாசிக்கே உதவும்.

ஆகவே 6500 கெல்வின் நிறவெப்பமும் (பகலொளி போன்ற வெண்மை) ஒளியைக் குறைக்கும் வசதியும் உள்ள விளக்கொன்றை வாங்கி, லிட்டருக்கு ஏறத்தாழ 20 லூமென் கிடைக்குமாறு அமைத்து, டைமர் மூலம் நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிட்டேன். சன்னல் வெயிலைத் திரையிட்டுத் தடுத்ததும், நீரிலுள்ள சத்துகளை விரைந்து உறிஞ்சும் ஹார்ன்வொர்ட் செடியை மிதக்கவிட்டதும் விளக்கு மாற்றத்திற்கு இணையாகவே பயன்பட்டன. பழைய இலைகளில் படிந்த புள்ளிகள் தாமாக மறையவில்லை. அவ்விலைகளை வெட்டி எடுத்தேன். புதிய இலைகள் தூய்மையாக வந்த பின்னரே விளக்கெரியும் நேரத்தை நாளுக்கு 7 மணி நேரமாக உயர்த்தினேன்.